மூடியைப் போட்டால் காணவில்லை

மார்ச் 3

அன்புள்ள திருகாணிக்கு,

பார்சல் வந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் வெள்ளி நிறக் கவர், அதற்குள் ஹார்ட் டிஸ்க். கூடவே நீ கையால் எழுதிய நான்கு பக்கம். அதில் 'அன்புள்ள அக்கா' என்றுகூட இல்லை. எடுத்த எடுப்பிலேயே 'மின்சாரத்தை நிறுத்து' என்று ஆரம்பிக்கிறது. சரி, நானும் நலம் விசாரிக்கப் போவதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டரில் இருக்கும் டிஸ்க் மூன்று வாரமாக டிக் டிக் என்கிறது என்று எழுதினேன். பதிலுக்கு நீ புது டிஸ்க்கையே அனுப்பிவிட்டாய். பழையதைக் கழற்றாதே, இதைப் பக்கத்தில் இரண்டாவதாக மாட்டு, பிறகு எல்லாவற்றையும் இதற்கு மாற்று என்கிறாய். யோசனை நல்லதுதான். நல்லதை நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வலிக்காது.

நானேதான் மாட்டினேன். இருபது வருடமாகத் தையல் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி எண்ணெய் போடுகிறவளுக்கு நாலு திருகு ஒரு வேலையா? கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும்தான் கோபம் வந்தது. உள்ளே ஒயர்கள் வாரிப் போட்ட மாதிரி கிடந்தன. இதை நீதானே சேர்த்துக் கட்டிக் கொடுத்தாய்? கண்கொண்டு பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைத்தேன்.

ஆன் செய்தேன். வந்தது. திரையில் இரண்டாவது டிஸ்க் தெரிந்தது. திறந்தால் '41' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. கம்பெனிக்காரன் போட்டு அனுப்பும் சாமானாக இருக்கும் என்று அதைத் தொடவில்லை. நிறுத்திவிட்டு, மூடியைப் போட்டு, திருகை முடுக்கி, மறுபடி ஆன் செய்தேன். காணவில்லை. மூடியைக் கழற்றினால் வருகிறது, போட்டால் போய்விடுகிறது. மூன்று தடவை இப்படிக் கண்ணாமூச்சி ஆடிவிட்டது.

டிக் டிக் என்கிற பழைய டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், நீ மறந்திருந்தாலும் மறந்திருப்பாய். ஆறு வருடத்துக்கு முன்பு பித்தப்பைக் கல்லுக்காக நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, அங்கே பக்கத்து வார்டில் பழக்கமான பெண்களின் அளவுகள். மார்பில் ஆபரேஷன் ஆகி ஒரு பக்கத்தை எடுத்துவிட்டவர்கள். கடையில் தொங்கும் எந்தச் சட்டையும் அவர்களுக்கு உட்காராது. ஒவ்வொருவருக்கும் கதவைச் சாத்திக்கொண்டு அளவெடுத்து, ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பேட்டர்ன் வரைந்தேன். வேறு கண் படாது என்று வாக்குக் கொடுத்தேன். நோட்டில் இருந்தால் யாராவது புரட்டுவார்கள், கம்ப்யூட்டரில் போடு என்றவன் நீ. போட்டுவிட்டு நோட்டைக் கிழித்தேன். நாலு வருடத்துக்கு முன்பு லீவில் வந்தாய், கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் மொத்தத்தையும் அழித்துத் துடைத்து வைத்தாய்.

அதற்குப் பிறகு நான் அவர்களிடம் போய் "இன்னொரு தடவை அளவு குடுங்க" என்று நின்றேன். ஒரு தடவை சட்டையைக் கழற்றி நின்றதே அவர்களுக்குப் பெரிய விஷயம். பதினோரு பேர் வரவே இல்லை. எதிர்த் தெரு நூலகத்தம்மா அவர்களில் ஒருவர். இரண்டு சைஸ் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, தோளில் பையை முன்பக்கமாகத் தொங்கவிட்டுக்கொண்டு போவார். தினமும் காலை ஒன்பது மணிக்கு என் ஜன்னலைத் தாண்டும்போது மட்டும் வேகமாக நடப்பார்.

இந்த டிஸ்க்கும் போனால், மூன்றாவது தடவை யார் வாசலிலும் போய் நிற்க மாட்டேன். கடையைச் சாத்திவிடுவேன். இதை மிரட்டலாக எழுதவில்லை, உள்ளதை எழுதுகிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. போன் செய்ய நினைக்காதே. ஜனவரியில் நாம் கத்திக்கொண்ட அன்று ரீசார்ஜ் கடைக்காரரிடம் கொடுத்து உன் நம்பரை அடைத்துவிட்டேன். திறக்கத் தெரியாது, கேட்க வெட்கம். போனில் இரண்டாவது நிமிடமே நமக்கு முட்டிக்கொள்கிறது. கடிதத்தில் குரல் உயராது.

அக்கா

மார்ச் 11

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. சுரங்கத்துக்குத் தபால் வண்டி வாரத்துக்கு இரண்டு நாள்தான் ஏறும், அதிலும் மழை பெய்தால் ஒரு நாள்.

'அன்புள்ள' போடவில்லை என்று குறை. நாலு பக்கத்தையும் எழுதி முடித்துவிட்டு மேலே என்ன போடுவது என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மேலே இடமில்லை.

டிஸ்க்கில் கோளாறு இல்லை. மூடி திறந்திருந்தால் வருகிறது என்றால் அது உயிரோடு இருக்கிறது. இணைப்புதான் தளர்கிறது. இங்கே தாதுக்கல் போகும் பெல்ட்டுக்கு அடியில் எடை காட்டும் கருவி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். போன மாதம் அதுவும் இதே மாதிரிதான் செய்தது. நான் பக்கத்தில் போனால் சரியாகக் காட்டும், மேனேஜர் வந்தால் சுழியம் காட்டும். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு பார்த்தால், மேனேஜர் எப்போதும் காலை வைத்து நிற்கும் இடத்தில் ஒயர் நசுங்கியிருந்தது. அவரிடம் அதைச் சொன்ன விதம் சரியில்லை என்று எனக்கு ஒரு மெமோ.

உன் கடிதத்தில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது. 'ஒழுங்குபடுத்தி வைத்தேன்.' எப்படி ஒழுங்குபடுத்தினாய்? எந்த ஒயர் எதன்மேல் போகிறது, எங்கே வளைகிறது, மூடியைப் போடும்போது எது அழுந்துகிறது, எல்லாவற்றையும் பார்த்து எழுது. நீ எழுதியதைப் படித்துவிட்டு நான் சொல்கிறேன்.

அதுவரை புது டிஸ்க்கில் எதையும் போடாதே. திரையில் ஏதாவது கேள்வி வந்தால், என்ன கேட்டாலும் சரி, 'வேண்டாம்' என்பதையே அழுத்து.

இன்னொன்று. அந்த 41 என்ற ஃபோல்டர் கம்பெனிக்காரன் சாமான் இல்லை. டிஸ்க் நிலையாக நின்ற பிறகு, கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் திறந்து பார். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

கடையைச் சாத்துவது பற்றி இப்போது பேசாதே.

தம்பி

மார்ச் 12

அன்புள்ள திருகாணிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் பாதி வேலையை நானே முடித்துவிட்டேன். மூக்கின்மேல் விரலை வைத்துக்கொள்.

இன்று காலை மூடியைக் கழற்றி ஆன் செய்தேன். டிஸ்க் வந்தது, ஆனால் இந்தத் தடவை ஒரு கேள்வியோடு வந்தது. இதைப் பயன்படுத்துவதற்கு முன்னால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று திரையில் ஒரு கட்டம். எனக்குத் திக்கென்றது. ஃபார்மட் என்ற வார்த்தையை இந்த வீட்டில் நான் மறக்க மாட்டேன், நாலு வருடத்துக்கு முன்பு நீ செய்ததற்கும் அதுதானே பெயர்.

அதனால் அழுத்தவில்லை. எழுந்து போய் ரீசார்ஜ் கடைக்காரரைக் கேட்டேன். புது டிஸ்க்கா என்றார். ஆமாம், என் தம்பி புதிதாக வாங்கி அனுப்பியது என்றேன். "புதுசுன்னா அப்படித்தான் கேக்கும்மா. கோலம் போடறதுக்கு முன்னாடி வாசலைக் கூட்டற மாதிரி. தைரியமா ஆமான்னு குடுங்க" என்றார். திரும்பி வந்து, எது புது டிஸ்க் என்று இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு, அழுத்தினேன். ஊசியில் நூல் கோக்கும் நேரம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. பளிச்சென்று காலியாக இருக்கிறது. அந்த 41 கூடப் போய்விட்டது, நல்லதாயிற்று.

பார்த்தாயா? நான் கேட்டுவிட்டு அழுத்தினேன். உன்னைப்போல இல்லை.

ஆனால் மூடியைப் போட்டால் பழைய கதைதான். காணவில்லை. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே என்று நீ கேட்பாய். இந்த அறையில் நாள் முழுக்கத் துணி வெட்டுகிறேன், பஞ்சும் நூல் துணுக்கும் பறக்கின்றன. தையல் மெஷினுக்கே வேலை முடிந்ததும் உறை போடுகிறவள் நான், கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேனா? மூடி போட்டு ஓடினால்தான் மாற்றுவேன். பள்ளிச் சீருடை இருபத்தாறு ஜோடி மேஜையில் கிடக்கிறது. அதை முடித்துக் கொடுத்துவிட்டு மறுபடி பார்க்கிறேன்.

பழையது இன்னும் டிக் டிக் என்கிறது. இன்று கொஞ்சம் அதிகம்.

அக்கா

மார்ச் 18

அக்கா,

இதைத் தாது ஏற்றிக்கொண்டு கீழே போகும் லாரி டிரைவரிடம் கொடுத்து, ஊருக்குள் போனதும் விரைவுத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். உன் நம்பரை எட்டு தடவை முயன்றேன். வேறு யார் நம்பரும் என்னிடம் இல்லை.

முதலில் செய்ய வேண்டியது. கம்ப்யூட்டரை நிறுத்து, ப்ளக்கைப் பிடுங்கு. புது டிஸ்க்கில் செருகியிருக்கும் இரண்டு ஒயரையும் உருவிவிடு. அதில் ஒரு எழுத்துக்கூட எழுதப்படக் கூடாது. பிறகு கடைக்குப் போய் ஒரு பென் டிரைவ் வாங்கு. யாரிடமும் இரவல் வாங்காதே, புதிதாக வாங்கு. பழைய டிஸ்க்கில் இருப்பதை அதில் எடுத்து வைத்துக்கொள். உன் பேட்டர்ன்கள் எல்லாம் சின்னச் சின்னதுதான், பத்து நிமிடத்தில் ஏறிவிடும். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இனி அந்த 41.

நாலு வருடத்துக்கு முன்பு, நான் அழித்துத் துடைத்த டிஸ்க்கை நீ கழற்றி என் பையில் எறிந்து, "எடுத்துக்கிட்டுப் போ, இது என் கண்ணுல படக் கூடாது" என்றாய். எடுத்துக்கொண்டுதான் வந்தேன். இங்கே வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதை உட்கார்ந்து தோண்டினேன். அழித்த டிஸ்க்கில் எல்லாமே போய்விடாது, துண்டு துண்டாகக் கிடக்கும். பெயர் இருக்காது, தேதி இருக்காது. எந்தத் துண்டு எதோடு சேரும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு பேர் என்று நீ அன்று சொல்லிச் சொல்லி அழுதாய். அதையே ஃபோல்டருக்குப் பெயராக வைத்தேன். முப்பத்துநான்கு கிடைத்தது. ஏழு கிடைக்கவில்லை.

முப்பத்துநான்காவது கிடைத்த வாரத்தில், நான் தோண்டிக்கொண்டிருந்த அந்த டிஸ்க் நின்றுவிட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்திருக்கலாம். பத்துப் பேர் வந்துபோகும் இடம். வேறு கண் படாது என்று நீ வாக்குக் கொடுத்ததாகச் சொன்னது ஞாபகம் வந்தது, அங்கே இருந்ததை அழித்துவிட்டேன். ஆக, உலகத்தில் இருந்தது அந்த ஒரே பிரதி. அதைத்தான் உனக்கு அனுப்பினேன்.

ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கேட்பாய். உன் கம்ப்யூட்டரில் அது சரியாகத் திறக்குமா என்று எனக்கு நிச்சயமில்லை. ஆசை காட்டி மோசம் செய்தான் என்று ஆகிவிடக் கூடாது. நீயே திறந்து, நீயே பார்த்தால் போதும் என்று நினைத்தேன். அது என் தப்பு. டிஸ்க்கின்மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கலாம்.

இணைப்பு தளர்ந்திருந்தால் நிரம்பிய டிஸ்க்கும் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். உள்ளே இருப்பதைப் படிக்க முடியாமல் கேட்கிறது. கடைக்காரரைத் திட்டாதே, புது டிஸ்க் என்று கேட்டு அவர் சொன்ன பதில் சரி.

இப்போது ஒரே ஒரு கேள்விதான். 12-ஆம் தேதிக்குப் பிறகு நீ அந்த டிஸ்க்கில் எதையாவது மாற்றினாயா? மாற்றவில்லை என்றால் ஃபார்மட் செய்தது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்த மாதிரிதான், பக்கங்கள் உள்ளே இருக்கும். மாற்றியிருந்தால் அந்தப் பக்கங்களின்மேலேயே எழுதிவிட்டாய்.

என்ன நடந்திருந்தாலும் எழுது. நான் கோபப்பட மாட்டேன். இந்த வரியைக் கிண்டலாக எழுதவில்லை.

தம்பி

மார்ச் 21

தம்பி,

எதையும் மாற்றவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சு விடு. டிஸ்க்கில் ஒரு எழுத்துக்கூட ஏறவில்லை.

உன் 11-ஆம் தேதிக் கடிதம் 17-ஆம் தேதி வந்தது. 'கம்பெனிக்காரன் சாமான் இல்லை' என்ற வரியை மூன்று தடவை படித்தேன். மேஜையில் சீருடை, கையில் கத்தரி, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தொன்று என்ற எண்ணை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அது கண்ணெதிரே எழுதி இருந்தது, எனக்குத் தெரியவில்லை பார். அன்றே ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன். நீ என்ன எழுதப் போகிறாய் என்று மூன்று நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று விரைவுத் தபால் வந்தது.

கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. நாலு வருடமாக உன்னைப் பற்றி என்னவெல்லாம் நினைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டாம். உனக்கு அக்கறை கிடையாது, அக்காவின் வேலை உனக்கு ஒரு பொருட்டில்லை, மெஷின் வேகமாக ஓடினால் போதும் உனக்கு என்று நினைத்தேன். ஜனவரியில் அதைத்தான் போனில் கத்தினேன். நீ எதிர்த்துக் கத்தினாய், ஆனால் இதைச் சொல்லவில்லை. அப்போதே முப்பது கிடைத்திருக்குமே, ஏன் சொல்லவில்லை?

'உன்னைப்போல இல்லை' என்று எழுதிய கை இதுதான். இரண்டு தடவை சரிபார்த்து, இன்னொரு ஆளைக் கேட்டு, ஜாக்கிரதையாக அழித்தேன். ஜாக்கிரதையாக இருப்பவளுக்கும் ஒரு நிமிடம்தான் ஆகிறது. மன்னித்துவிடு.

ஒயர் பற்றிக் கேட்டாய். இன்று காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒழுங்குபடுத்தினேன் என்றேனே, எப்படித் தெரியுமா? கோட்டுக்குப் பொத்தான் தைக்கும் தடித்த நூலை இரட்டையாகப் போட்டு, ஒயர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு விரல்கடைக்கு ஒரு முடிச்சு வீதம் பதினான்கு முடிச்சுப் போட்டு, இரும்புச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கிறேன். தொங்கக் கூடாது, ஆடக் கூடாது என்று. துணியில் ஒரு நூல் தொங்கினாலே எனக்குத் தூக்கம் வராது. மூடியைப் போட்டால் அது அந்தக் கட்டின் நடுவில் அழுத்துகிறது. அழுத்தினால் இறுக்கமாக இருக்கும் ஒயர் டிஸ்க்கிலிருந்து பாதி வெளியே வருகிறது. மூடியை எடுத்தால் திரும்ப உட்கார்ந்துகொள்கிறது. சில சமயம் சரியாக உட்காருவதில்லை. நீ அதை வாரிப் போட்ட மாதிரி விட்டதற்குக் காரணம் இருந்திருக்கிறது, அதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆனால் இதையும் கேள். ஃபார்மட் செய்த பிறகு அந்தக் கட்டு தானாக அவிழ்ந்திருந்தால் 12-ஆம் தேதியே டிஸ்க் நிலையாக நின்றிருக்கும். நின்றிருந்தால் அன்றே எல்லாவற்றையும் அதில் மாற்றித் தள்ளியிருப்பேன். உன் முப்பத்துநான்கின்மேலும் எழுதியிருப்பேன். ஆக, என் கிறுக்குத்தனம்தான் கெடுத்தது, அதுவேதான் காப்பாற்றியது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

பென் டிரைவ் வாங்கிவிட்டேன். இப்போது இருக்கும் அறுபத்தெட்டுப் பேரும் அதில் பத்திரமாக ஏறிவிட்டார்கள். அதை ஊசிப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

டிஸ்க்கை உனக்கே அனுப்புகிறேன். வெள்ளிக் கவர், பெட்டி, அதன்மேல் பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே துணி வைத்துத் தைத்திருக்கிறேன். தையலைப் பிய்க்காதே, ஓரத்தில் ஒரு நூல் விட்டிருக்கிறேன், அதைப் பிடித்து இழுத்தால் முழுதும் பிரிந்துவிடும்.

அக்கா

ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

மேலே இடம் விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தேன், அதனால் இந்தத் தடவை 'அன்புள்ள' இருக்கிறது.

பார்சலைப் பிரிக்க எனக்கு மனசே வரவில்லை. கண்ட்ரோல் ரூமில் இருந்த நாலு பேரும் கூடி நின்று பார்த்தார்கள். நூலை இழுத்ததும் துணி முழுதும் ஒரே இழுப்பில் பிரிந்ததைப் பார்த்து மேனேஜரே வாய் பிளந்தார். உங்கள் அக்காவை இங்கே பேக்கிங் பிரிவுக்கு அனுப்புங்கள் என்றார். மெமோ கொடுத்த பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

முப்பத்துநான்கில் முப்பத்துமூன்று வந்துவிட்டது. முதல் தடவை நாலு வருடம், இந்தத் தடவை ஆறு நாள். எங்கே எது கிடக்கும் என்று தெரிந்திருந்ததுதான் காரணம். ஒன்று மட்டும் திறக்கவில்லை, அதை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எதற்கும் பெயர் கிடையாது, ஒன்று, இரண்டு என்று எண் மட்டும்தான். யாருடையது எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. திறக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது, அதனால் ஒவ்வொன்றையும் ஒரு ஓரத்திலிருந்து திறந்தேன். கழுத்து வளைவு வரைக்கும் வந்ததும் மூடிவிட்டேன். அதற்குக் கீழே நான் எதையும் பார்க்கவில்லை. உன் பெண்களிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்தால் சொல், சத்தியம்.

ஜனவரியில் ஏன் சொல்லவில்லை என்றாய். நீ கத்தும்போது சொன்னால் அது உன் வாயை அடைப்பதற்காகச் சொன்ன மாதிரி ஆகும். நான் அழித்தது அழித்ததுதானே. அன்று உன் அலமாரியில் நோட்டு இருக்கும், கம்ப்யூட்டரில் இருப்பது நகல் என்று நினைத்தேன். நோட்டைக் கிழித்துவிட்டாய் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நீ அடுத்த அறையில்தான் இருந்தாய், எட்டு அடி நடந்து வந்து கேட்கவில்லை. நாலு வருடமாக உன்னிடம் சொல்ல நினைத்தது இதுதான், வேறு பெரிதாக ஒன்றுமில்லை. மன்னித்துவிடு அக்கா.

இந்தத் தடவை இரண்டு பிரதி. ஒன்று டிஸ்க்கில், ஒன்று தனியாகப் பென் டிரைவில். இரண்டையும் வெவ்வேறு நாளில் அனுப்புகிறேன். டிஸ்க்கின்மேல் கொட்டை எழுத்தில் 'காலி இல்லை' என்று ஒட்டியிருக்கிறேன். மாட்டும்போது ஒயரைத் தொங்க விடு. ஆடட்டும். கண்ணை மூடிக்கொண்டு மூடியைப் போடு.

தம்பி

ஏப்ரல் 26

அன்புள்ள திருகாணிக்கு,

ஒயரைத் தொங்கவிட்டேன். மூடியைப் போட்டேன். டிஸ்க் இருக்கிறது. பன்னிரண்டு நாளாக இருக்கிறது. உள்ளே அது எப்படிக் கிடக்கிறது என்று நினைத்தால் இன்னும் கை அரிக்கிறது, ஆனால் திறக்கவில்லை.

பெயர் இல்லாவிட்டால் என்ன? ஒரு தோளின் சரிவைப் பார்த்தால் போதும், யார் என்று சொல்லிவிடுவேன். கடைக்கதவைச் சாத்திவிட்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். இது பஸ் கண்டக்டர் அம்மா, வலது தோள் ஏறியிருக்கும். இது நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். இது மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தவர், பாவம், இரண்டு வருடத்துக்கு முன்பு போய்விட்டார். பத்தொன்பதாவதைத் திறந்ததும் நூலகத்தம்மா. இடது பக்கம், அக்குள் வரைக்கும் போன தழும்பு, சட்டை அங்கே உரசக் கூடாது என்று அவர் சொன்னதைக்கூட ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன்.

கேட்கவில்லை. வெட்டினேன். அளவு கேட்டால்தானே வரமாட்டார்? நாலு வருடத்தில் உடம்பு மாறியிருக்கும், அதற்காக உள்ளே தையலில் இரண்டு அங்குலம் விட்டு வைத்தேன். சாம்பல் நிறப் பருத்தி, முன்பக்கம் பொத்தான், உள்ளே, எடுத்துவிட்ட பக்கத்தை நிரப்பும் பஞ்சுத் திண்டுக்கு ஒரு பை. நூலகத்துக்கே போய், புத்தகம் திருப்பிக் கொடுக்கும் மேஜையில் பொட்டலமாக வைத்துவிட்டு, "இது உங்க பழைய அளவு. தொலைஞ்சுபோனது திரும்பக் கிடைச்சிருச்சு. என்னைத் தவிர யாரும் பார்க்கல" என்றேன். அவர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வந்துவிட்டேன்.

இன்று காலை ஒன்பது மணிக்கு என் ஜன்னலைத் தாண்டினார். கோட்டு இல்லை. பை முதுகுப் பக்கம் தொங்கியது. நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, "இடுப்புல மட்டும் கொஞ்சம் பிடிக்குது. சாயங்காலம் வரட்டுமா?" என்றார். வாங்க என்றேன். அவர் போன பிறகு ஒரு நேர்க்கோடு தைக்க முடியவில்லை.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். இதைப் போனில் சொல்ல என்னால் முடியாது, அதனால் எழுதுகிறேன்.

உன் வரிசையில் இரண்டாவதாக இருப்பது என்னுடையது.

ஆறு வருடத்துக்கு முன்பு எனக்கு இருந்தது பித்தப்பைக் கல் இல்லை. நீ அப்போதுதான் சுரங்கத்தில் சேர்ந்திருந்தாய், வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று கல் என்று சொன்னேன். அந்தப் பெண்கள் பக்கத்து வார்டில் இல்லை, என் வார்டில்தான் இருந்தார்கள். எனக்குச் சட்டை உட்காராமல்தான் முதல் பேட்டர்னை வரைந்தேன். கண்ணாடி முன்னால் நின்று, எனக்கு நானே டேப் பிடித்து எடுத்த அளவு அது. உன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதிதான் அவர்களுக்காக. மீதி, அந்தக் கண்ணாடி முன்னால் இன்னொரு தடவை நிற்க வேண்டியிருந்ததே என்பதற்காக. அதற்கு எனக்கு ஐந்து மாதம் ஆனது.

நீ கழுத்து வளைவோடு மூடிவிட்டாய் என்று எழுதியிருந்தாய். நன்றி. இல்லாவிட்டால் இதை நான் சொல்வதற்கு முன்னால் நீயே தெரிந்துகொண்டிருப்பாய், எப்போதும்போல ஒன்றும் கேட்காமல் இருந்திருப்பாய்.

பயப்படாதே. வருடா வருடம் பரிசோதனை செய்கிறேன், ஒன்றும் இல்லை என்கிறார்கள். நன்றாக இருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன், நீ பார்த்தால் குண்டாகிவிட்டாய் என்பாய்.

ரீசார்ஜ் கடைக்காரரிடம் போய் உன் நம்பரைத் திறக்கச் சொன்னேன். என்னம்மா, சமாதானமா என்றார். ஆமாம் என்றேன். வெட்கமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூப்பிடு. இரண்டாவது நிமிடம் சண்டை வந்தாலும் வைக்க மாட்டேன். என்ன வேண்டுமானாலும் கேள், சொல்கிறேன்.

அக்கா